ஏழூரில் நாலூர்: நண்பரோடு முதல் சைக்கிள் சுற்று

திருவையாற்றைச் சுற்றி ஏழு சிவன் கோயில்கள் உண்டு. திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம். சித்திரையில் திருவையாற்றுச் சிவனான ஐயாறப்பர் பல்லக்கில் கிளம்பி இந்த ஏழு ஊர்களுக்கும் போய்த் திரும்புவார். ஏழூர்த் திருவிழா என்பது அதுதான். பல்லக்கு காவிரியையும் குடமுருட்டியையும் மணலில் இறங்கிக் கடந்துவிடும். சைக்கிளில் போகிறவர்களுக்குப் பாலம் வேண்டும். அதனால் பல்லக்கு போகும் வரிசை நமக்கு ஒத்துவராது.

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டிப் பழகாத இருவர் சனி, ஞாயிறு காலையில் போய்வருவதற்கு ஏழூரும் வேண்டாம் என்பது என் கருத்து. ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் நாலு ஊர் போதும். கண்டியூர், பூந்துருத்தி, வேதிகுடி, சோற்றுத்துறை. திருவையாற்றில் தொடங்கி அங்கேயே முடித்தால் சுமார் 25 கிலோமீட்டர் வரும். புதியவர் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் மிதிப்பார். ஆக, மிதிப்பதற்கு இரண்டு மணி நேரம், முன்பின். அரைநாளில் மீதி நேரம் நிற்பதற்கும் பார்ப்பதற்கும் டீ குடிப்பதற்கும்தான். அந்த நேரம் இல்லாமல் போனால் கிராமத்துக்குப் போகிறதற்கே பொருள் இல்லை.

இன்னொன்றையும் கிளம்புமுன்பே பேசி முடித்துவிடுங்கள். இருவரில் மெதுவாகப் போகிறவர் யாரோ, அவருடைய வேகம்தான் அன்றைய வேகம். எங்கே நிற்பது, எங்கே திரும்புவது என்பதையும் அவர்தான் சொல்ல வேண்டும். வேகமாகப் போகிறவர் முன்னால் பறந்து போய் மரத்தடியில் காத்திருப்பதும், பின்னால் வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் “சரி, போலாமா?” என்று கிளம்புவதும்தான் பல ஜோடிகள் இரண்டாம் முறை சேர்ந்து போகாமல் இருப்பதற்குக் காரணம். மெதுவாக வருகிறவருக்கு ஓய்வே கிடைக்காமல் போவதை வேகமானவர் கவனிப்பதில்லை.

எப்போது போகலாம்

தை, மாசி மிக நல்ல காலம். சம்பா கதிர் முற்றி நிற்கும், வெயில் பத்து மணிக்குமேல்தான் உறைக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். தண்ணீர் இருந்தால் அந்த இடைப்பட்ட மாதங்களில் ஆறும் வாய்க்காலும் ஓடுவதைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் சாலை காய்ந்திருக்கும். சித்திரை, வைகாசியில் போவதானால் ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். முதல் சுற்றுக்கு அந்த மாதங்களை நான் சொல்ல மாட்டேன்.

சில நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஜனவரி வாக்கில் வரும் தியாகராஜர் ஆராதனை, ஆடி அமாவாசை, ஆடிப்பெருக்கு, சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு. பார்க்க வேண்டியவைதான், ஆனால் அன்றைக்குச் சைக்கிள் வேண்டாம். கூட்டத்துக்குள் உருட்டவே இடம் கிடைக்காது.

தஞ்சாவூரில் இருப்பவர்கள் அங்கிருந்தே மிதித்து வந்தால் போகவர இன்னும் 25 கிலோமீட்டர் கூடும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்து வரும் அருமையான பாதை அது. ஆனால் பஸ்ஸும் லாரியும் நிறைந்த சாலை. முதல் தடவைக்குக் காரில் முன் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டோ, குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டோ திருவையாறு வந்துவிடுவது நல்லது.

முந்தின நாள் மாலை

சைக்கிளை அன்றைக்குக் காலையில் பார்ப்பது வீண். முந்தின நாளே பாருங்கள். கியர் சைக்கிள்தான் வேண்டும் என்பதில்லை. இந்தப் பக்கம் முழுவதும் சமவெளி. ஏற்றம் என்றால் பாலத்தில் ஏறுவதுதான். வீட்டில் இருக்கும் சாதாரணச் சைக்கிளே போதும், ஆனால் அது ஒழுங்காக இருக்க வேண்டும்.

சீட்டின் உயரம் முதலில். பெரும்பாலானவர்கள் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள், பத்துக் கிலோமீட்டரில் முழங்கால் வலிப்பதற்கு அதுதான் காரணம். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலைக் கீழே இறக்கிக் குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அப்புறம் வழக்கம்போல் முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வரும். நிற்கும்போது தரையில் கால் முழுசாக ஊன்றாது, நுனிவிரல்தான் படும். அது பழகிவிடும்.

அடுத்து காற்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்குள் வையுங்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளிப் பாருங்கள், சக்கரம் உருளக் கூடாது. செயினுக்கு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஈரம் வெளியே இருந்தால் மண் முழுவதும் அதில்தான் ஒட்டும்.

உங்கள் ட்யூபின் வால்வு எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய சைக்கிள்களில் வால்ட்யூப் என்கிற சின்ன ரப்பர் குழாய் போட்ட வால்வு இருக்கும். ஊர்ச் சைக்கிள் கடைப் பம்பு அதற்குத்தான் செய்தது. பைக், கார் டயரில் உள்ளது போன்ற தடித்த வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று கிடைக்கும். விலை கூடிய சைக்கிள்களில் ஒல்லியாக, நுனியில் சின்னத் திருகு வைத்த வால்வு வரும். அதற்கு மாற்றுத் தலை ஒன்று கையில் இல்லாவிட்டால் கண்டியூரில் பம்பு இருந்தும் பயனில்லை. இருவர் சைக்கிளும் ஒரே சக்கர அளவாக இருந்தால் ஒரு மாற்று ட்யூப் போதும். இல்லாவிட்டால் ஆளுக்கு ஒன்று.

பையில் வைக்க வேண்டியவை: மாற்று ட்யூப், இரண்டு டயர் லிவர், கைப்பம்பு, ஒட்டும் சொல்யூஷன், பேட்ச், உப்புத்தாள், சக்கர நட்டுக்கு ஏற்ற ஸ்பேனர், ஒரு பூட்டு. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு வாழைப்பழம். சில்லறையாக முந்நூறு ரூபாய். நாலு முழ வேட்டி ஒன்று, அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் போக முடியாது என்பதால். சுடிதார் அணிகிறவர்கள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். பேன்ட் என்றால் வலதுகாலை ஒரு ரப்பர் பேண்டால் கட்டிக்கொள்ளுங்கள், செயின் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஹெல்மெட் கட்டாயம். தையில் ஆறரைக்குமேல்தான் சூரியன் வரும், அதுவரை பனிமூட்டம் வேறு. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

வழியும் அதன் வரிசையும்

ஆறேகாலுக்குத் திருவையாற்றில் கிளம்புங்கள். வயிற்றில் ஒரு பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் இருந்தால் போதும், டிபன் அப்புறம்.

முதல் மூன்று கிலோமீட்டர்தான் இந்தச் சுற்றிலேயே கடினமான பகுதி. காவிரிப் பாலம், குடமுருட்டிப் பாலம் தாண்டிக் கண்டியூர். அரியலூர்ப் பக்கத்திலிருந்து சிமென்ட் லாரிகள் வரும் சாலை இது. பாலத்தில் ஒதுங்க இடம் குறைவு. ஒருவர் பின் ஒருவராக, இடது ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி, நேர்கோட்டில் போங்கள். ஓரத்தை ஒட்டியே போனால் பின்னால் வரும் வண்டிக்காரர் இடம் இருக்கிறது என்று நினைத்து உரசிக்கொண்டு முந்துவார். பாலத்தில் நின்று படம் எடுக்க ஆசை வரும். பாலம் தாண்டி இறங்கி, வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்து எடுங்கள்.

கண்டியூரில் நிற்காமல் வலதுபக்கம் திரும்பித் திருக்காட்டுப்பள்ளி சாலையில் மூன்று கிலோமீட்டர் போனால் பூந்துருத்தி. கிழக்கே இருக்கும் வேதிகுடியை விட்டுவிட்டு மேற்கே போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. இது பஸ் போகும் சாலை, ஏழரைக்கு முன்னால் முடித்துவிட்டால் நெரிசல் இருக்காது. அடுத்தது சூரியன். அதிகாலையில் கிழக்கே போனால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். உங்களுக்கு மட்டுமில்லை, உங்களுக்குப் பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணிலும் அடிக்கும். அவருக்கு நீங்கள் தெரியாமல் போவதுதான் உண்மையான ஆபத்து. மேற்கே போய்விட்டு எட்டு மணிவாக்கில் திரும்பினால் வெயில் மேலே ஏறியிருக்கும். ஆனி, ஆடியில் போகிறவர்களுக்குக் காற்றும் ஒரு காரணம். அந்த மாதங்களில் மேல்காற்று பொழுது ஏற ஏற வலுக்கும். அது எழும்புவதற்குள் மேற்கே போய்விட்டால், திரும்பும்போது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும்.

பூந்துருத்தி கோயிலில் நந்தி நேராக இல்லாமல் விலகியிருப்பதைப் பாருங்கள். அப்பர் மடம் அமைத்துத் தங்கிய ஊர் இது. அவர் உழவாரத் தொண்டு செய்த மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சம்பந்தர் வெளியிலேயே நின்றார் என்றும், அவர் பார்ப்பதற்காக நந்தியை விலகச் சொன்னார் இறைவன் என்றும் சொல்வார்கள். சம்பந்தர் வந்த பல்லக்கை, கூட்டத்தோடு கூட்டமாக அப்பரே சுமந்து வந்ததாகப் பெரியபுராணம் சொல்வதும் இந்த ஊரை ஒட்டித்தான். இருபது நிமிடம் இங்கே செலவழிக்கலாம்.

திரும்பக் கண்டியூர். டிபன் இங்கே. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கலும் வடையும் தின்றுவிட்டு மிதிக்கக் கால் வராது. சாலையை ஒட்டியே இரண்டு கோயில்கள், எதிரும் புதிருமாக. ஒன்று, சிவனின் வீரச் செயல்கள் நடந்ததாகச் சொல்லும் எட்டுத் தலங்களான அட்டவீரட்டத்தில் ஒன்றான பிரமசிரக்கண்டீஸ்வரர் கோயில். மற்றது நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான அரன்சாபம் தீர்த்த பெருமாள் கோயில். பிரமன் தலையைக் கிள்ளியது இங்கே, அந்தப் பழி தீர்ந்தது அங்கே என்று ஒரே கதையின் இரண்டு பாதியும் நாலு எட்டு நடையில் இருக்கின்றன.

இனிமேல்தான் நாம் தேடி வந்த கிராமத்துப் பாதை. வீரசிங்கம்பேட்டை வழியாகச் சுமார் நாலு கிலோமீட்டரில் வேதிகுடி. அங்கிருந்து வயலும் வாய்க்காலுமாக மூன்று கிலோமீட்டர் போனால் சோற்றுத்துறை. வண்டி அதிகம் வராது, இங்கே பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போகலாம். வளைவு வந்தால் மட்டும் ஒருவர் பின்னால் போய்விடுங்கள். வாழைத் தோட்டம் வளைவை மறைத்திருக்கும், டிராக்டர் சத்தம் கேட்பதற்குள் முன்னால் வந்து நிற்கும்.

போன் மேப்பை இந்தப் பகுதியில் முழுக்க நம்ப வேண்டாம். வயல் வரப்பையும் சாலை என்று காட்டும். ஆளைக் கேளுங்கள். கேட்கும்போது “சோத்துத்துறைக்கு இப்படிப் போலாங்களா?” என்று கேட்காதீர்கள். போகலாம் என்றுதான் பதில் வரும், ஏனென்றால் நடந்து போக முடியும். “அண்ணே, சோத்துத்துறைக்கு சைக்கிள்ல எந்த ரோட்ல போறது?” என்று கேட்டால் சரியான வழி கிடைக்கும். கூடவே “எங்கேருந்து வர்றீங்க?” என்று ஒரு பேச்சும் தொடங்கும். நின்று பதில் சொல்லுங்கள். சீட்டில் உட்கார்ந்தபடி பெரியவர்களிடம் வழி கேட்பது மரியாதை இல்லை, இறங்கிக் கேளுங்கள்.

சோற்றுத்துறை குடமுருட்டிக் கரை ஊர். ஓதனவனேஸ்வரர் கோயில். நந்தியின் கல்யாணத்துக்கு இந்த ஊரிலிருந்துதான் சாப்பாடு போயிற்று என்பது ஏழூர்க் கதை. வேதிகுடியிலிருந்து வேதியர், பூந்துருத்தியிலிருந்து பூ, பழனத்திலிருந்து பழம், தில்லைஸ்தானத்திலிருந்து நெய். கோயில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சிறிய கோயில்களில் குருக்கள் வேறு பூஜைக்குப் போயிருந்தால் நடை சாத்தியிருக்கலாம், பக்கத்து வீட்டில் கேட்டால் எப்போது வருவார் என்று சொல்வார்கள். ஆறு ஓடுகிற காலத்தில் படித்துறையில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். குளிக்க, நீந்த இறங்கவே வேண்டாம். மேலே சாந்தமாகத் தெரியும் தண்ணீருக்கு அடியில் மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று வெளியூர் ஆளுக்குத் தெரியாது.

இங்கிருந்து மேற்கே ஐந்து கிலோமீட்டர் போனால் கண்டியூர், அப்புறம் வந்த வழியே மூன்று கிலோமீட்டரில் திருவையாறு. ஆடியில் இந்த ஐந்து கிலோமீட்டரும் எதிர்காற்று. அதுவரை மெதுவானவரை முன்னால் விட்டிருப்பீர்கள். இந்த ஒரு இடத்தில் மட்டும் வலுவானவர் முன்னே போய்க் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறவர் ஒரு சைக்கிள் நீள இடைவெளியில் ஒட்டி வந்தால் பாரம் நன்றாகவே குறையும். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் போடக் கூடாது. பள்ளம் வந்தால் “பள்ளம்!” என்றும், நிற்பதானால் “நிக்கிறேன்!” என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

சாலையில் எதிர்ப்படுபவை

அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையை அடைத்து நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். முதல் காரணம், அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. இரண்டாவது, தார்ச்சாலையில் கிடக்கும் நெல்மணியில் சக்கரம் வழுக்கும், முக்கியமாகத் திருப்பும்போது. வைக்கோல் பரப்பியிருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். ஒரு பிரி செயினுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டால் எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்பார்கள். நூற்றுக்கணக்கான வாத்துகள் சாலையைக் கடக்கும்போது மணி அடித்தால் கூட்டம் கலைந்துவிடும், மேய்ப்பவர் பாடு திண்டாட்டம். நின்றுவிடுங்கள். நல்ல ஓய்வும் ஆகும்.

நாய் துரத்தினால் வேகம் எடுக்காதீர்கள். நிறுத்தி இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் கொஞ்ச தூரத்தில் விட்டுவிடும்.

முள் நிச்சயம் குத்தும். ஓரத்து மண்ணில் இறங்கினால் நெருஞ்சி, வேலி வெட்டிப் போட்ட இடத்தில் கருவேல முள். பஞ்சர் ஆனால் பதறத் தேவையில்லை, இருவருக்கு இருபது நிமிட வேலை. நிழலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றி, மிச்சக் காற்றை விட்டு, லிவரால் டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்மிலிருந்து நெம்பி எடுங்கள். ட்யூபை வெளியே இழுத்தபின் உடனே புது ட்யூபைப் போட்டுவிடாதீர்கள். டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். வெளியே தெரியும் முள்ளைப் பிடுங்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்போம். பெரும்பாலும் நுனி முறிந்து ரப்பருக்குள்ளேயே இருக்கும், அதுதான் புது ட்யூபையும் ஐந்தாவது நிமிடம் குத்துவது. நகத்தாலோ சேப்டி பின்னாலோ உள்ளிருந்து வெளியே தள்ளி எடுங்கள். புது ட்யூபில் லேசாகக் காற்று ஊதி, உருண்டை வடிவம் வந்தபின் உள்ளே வைத்து, டயரைக் கையாலேயே ரிம்மில் ஏற்றுங்கள். லிவரால் ஏற்றினால் ட்யூபைக் கடித்துவிடும். மாற்று ட்யூபும் தீர்ந்துபோனால் வாய்க்கால் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து, துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத பதம் வந்ததும் பேட்ச் வைத்து அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது.

தண்ணீரைத் தாகம் எடுக்கும் வரை வைத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை இரண்டு வாய் குடியுங்கள். வழியில் இளநீர் கிடைத்தால் விடாதீர்கள். வெயில் நாளில் உப்புப் போட்ட மோர் இன்னும் நல்லது. யாருக்காவது தலை சுற்றினாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ அத்தோடு சுற்று முடிந்தது. நிழல், ஈரத்துணி, தண்ணீர். தெளிவு வராவிட்டால் 108. களைப்பு மட்டும் என்றால் வண்டி பிடித்துத் திருவையாறு திரும்பலாம். மீதி ஊர்களைச் “சரி, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்” என்று இழுக்காதீர்கள்.

திரும்பி வந்தபின்

பத்தரைக்குள் திருவையாறு. அசோகா சாப்பிட வேண்டிய நேரம் இதுதான், கிளம்பும்போது அல்ல. பாசிப்பருப்பும் சர்க்கரையும் நெய்யுமாக, சூடாக ஒரு இலையில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே காரம் கொஞ்சம். நேரம் இருந்தால் காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதிக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்காரலாம். ஐயாறப்பர் கோயில் பெரியது, அவசரமாகப் பார்க்கக் கூடாதது. அதை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினைக் காய்ந்த துணியால் துடைத்து ஒரு சுற்று எண்ணெய் விடுங்கள். டயரில் ஒட்டியிருக்கும் முட்களையும் அன்றே பிடுங்கிவிடுங்கள். அடுத்த நாள் தொடையும் உட்காரும் இடமும் வலிக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும், பின்பக்கம் வலித்தால் கொஞ்சம் தாழ்த்த வேண்டும்.

மிச்சம் இருக்கும் இரண்டு ஊர்களும் வடகரையில். திருவையாற்றிலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் தில்லைஸ்தானம், கிழக்கே கும்பகோணம் சாலையில் நாலு கிலோமீட்டர் போனால் திருப்பழனம். இரண்டும் சேர்த்துப் போகவர 12 கிலோமீட்டர்தான், பாலம் ஏற வேண்டாம். இன்னொரு ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குள் முடித்துவிடலாம்.